அரையிறுதிக்கு முன் தின்ற லேகியம்

கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் நான் அதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். அதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். கல்யாண வீட்டில் ரசத்தை முகர்ந்து பார்த்ததற்கு உங்கள் அம்மா என் தொடையில் கிள்ளினாள். போன வாரம் பாப்பா கேட்டாள், "ஏம்ப்பா, பிஸ்கெட்டுக்குள்ள பேயா இருக்கு?" என்று. அதைக் கேட்டுவிட்டுத் தம்பி பிஸ்கெட்டைத் தொடவே பயந்தான்.

பயம் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் உங்களுக்காவது அது வேண்டாமல் போகும். அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் ஒழுங்காகப் படித்தவன். பன்னிரண்டாவது தனியாக எழுதி, அதுவும் முழுசாகத் தேறவில்லை. தப்பு இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும். தம்பிக்கு அவளே வாசித்துக் காட்டட்டும்.

டென்னிஸ் ஆடிப் பிழைத்தவன் என்று சொன்னால் எல்லோரும் டிவியில் வருகிறவர்களை நினைப்பார்கள். நான் அந்தக் கணக்கில் இல்லை. கிளிஞ்சல்மேட்டில் சுனாமி அலை வந்த பிறகு பிள்ளைகளைச் சென்னைப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்தார்களே, அதில் நானும் ஒருவன். அந்த விடுதியில் ஒரு சிமெண்டுத் தளமும், நடுவில் தொங்கிய ஒரு வலையும் இருந்தன. பதினோரு வயதில் மட்டையைப் பிடித்தேன். அது தாமதம் என்பார்கள். தாமதம்தான். ஆனால் சர்வீஸ் நன்றாக வந்தது. அதை வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் போய் ஆடினேன். சின்னச் சின்னப் போட்டிகள். ஒரு பக்கம் நாங்கள் ஆடிக்கொண்டிருப்போம், பக்கத்துக் கோர்ட்டில் யாரோ துண்டு காயப்போட்டிருப்பார்கள். பார்ப்பதற்கு ஆள் கிடையாது. ஆனாலும் ஜெயித்தால்தான் அடுத்த ஊருக்கு ரயில் ஏற முடியும்.

உங்கள் பெரியத்தை, என் அக்கா, அதற்கு வைத்த பேர் "தொழில்". யாராவது என்னை எங்கே என்று கேட்டால், கடலுக்குப் போன ஆளைச் சொல்கிற மாதிரியே, "தம்பி தொழிலுக்குப் போயிருக்கான்" என்பாள். என்னிடம் நேரில் சொல்வது வேறு.

"ஆம்பள ஆளு, அரக்கால் சட்டையப் போட்டுக்கிட்டு எலுமிச்சங்கா மாதிரி பந்த அடிச்சிக்கிட்டு இருக்கான். இதுக்கு மூச்சு வேற வாங்குது."

அக்காதான் என்னை வளர்த்தவள். அவள் அப்படிப் பேசாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பாப்பா பிறந்தபோது என் வலது தோள் கெட்டுப்போயிருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கி சர்வீஸ் போடும்போது உள்ளே முள் வைத்துக் குத்துகிற மாதிரி இருக்கும். இரண்டாவது சர்வீஸை மெதுவாகப் போடுவேன். எதிராளி அதற்காகவே காத்திருப்பான். தொடர்ந்து பல ஊர்களில் முதல் சுற்றிலேயே தோற்றேன். இன்னும் சில மாதம்தான், பிறகு மட்டையைக் கீழே வைக்க வேண்டியதுதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அம்மாவைப் பெற்றவர்கள் முன்பே இறந்துவிட்டதால் அவள் ஊரான கோட்டுச்சேரியில் அவளுக்குப் பிரசவம் பார்க்க ஆள் இல்லை. அதனால் அக்காவே தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியம் கிளற ஆரம்பித்தாள். நாட்டு மருந்துக் கடையில் போய் "செலவு" என்று கேட்டால் சுக்கு, மிளகு, திப்பிலி, சதகுப்பை என்று எல்லாம் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதை இடித்து, சலித்து, பூண்டும் பனைவெல்லமும் நல்லெண்ணெயும் விட்டு, சட்டியில் ஒட்டாமல் வருகிறவரை கிண்ட வேண்டும். தெருவே மணக்கும். அம்மா ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"என்னடா பாக்குற? நீயா புள்ள பெத்த?" என்றாள் அக்கா.

"வாசனையா இருக்குக்கா."

"இந்தா, தின்னு. தோள்பட்ட தோள்பட்டங்கிறியே, அதுக்கும் கேக்கும்."

நெல்லிக்காய் அளவு உருட்டி என் உள்ளங்கையில் வைத்தாள். மறுநாளும் வைத்தாள். நான் ஊரில் இருந்த நாளெல்லாம் காலையில் அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சில நாள் கழித்து டவுனில் கோர்ட்டுக்குப் போய் ஒரு சர்வீஸ் போட்டுப் பார்த்தேன். கை மேலே போனது. முள் இல்லை. இன்னொன்று போட்டேன். வேகமாகப் போட்டேன். இல்லை. எனக்கு அழுகை வந்தது. பிள்ளை பிறந்த ராசி என்று நினைத்தேன். பாப்பா, அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் உள்ளங்காலில் நான் கொடுத்த முத்தத்தில் பாதி அந்த சர்வீஸுக்குச் சேர வேண்டியது.

அந்த வாரமே வடக்கே ஒரு ஊரில் போட்டி. அக்கா ஒரு டப்பாவில் லேகியம் போட்டுக் கொடுத்தனுப்பினாள். தினமும் காலையில் ஒரு உருண்டை தின்றுவிட்டுக் கோர்ட்டுக்குப் போவேன். தகுதிச் சுற்றில் ஜெயித்தேன். முதல் சுற்றில் ஜெயித்தேன். இரண்டாவது சுற்றில் தரவரிசையில் என்னைவிட மிகவும் மேலே இருந்த ஒருவனை ஜெயித்தேன். காலிறுதியில் எதிராளி என் சர்வீஸைத் தொடவே முடியாமல் மட்டையைத் தரையில் அடித்து உடைத்தான். அரையிறுதி! என் ஆட்ட வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

கைகுலுக்கிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லி, "டோப் டெஸ்ட். எங்கூட வாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஊக்கமருந்து சாப்பிட்டிருக்கிறோமா என்று பார்க்கிற சோதனை அது. முதல் சுற்றிலேயே தோற்கிறவனை யார் சோதிப்பார்கள்? எனக்கு அதுவரை வந்ததே இல்லை. நான் பயப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஆள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலாகக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். வேர்வையில் உடம்பு காய்ந்துபோயிருந்ததால் சிறுநீர் வர வெகுநேரம் ஆனது. வந்தபோதும் அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை இரண்டு கண்ணாடி பாட்டிலில் நானே ஊற்றி, நானே மூடித் திருக வேண்டும். திருகும்போது மூடி கடக் கடக் என்று பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் பரிசோதனைக் கூடத்தில் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது.

அதிகாரி கேட்டார், போன ஒரு வாரத்தில் மருந்து, மாத்திரை, ஊசி, சத்துப் பவுடர் ஏதாவது எடுத்தீர்களா?

"இல்ல சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஒரு நொடிகூட எனக்கு லேகியம் நினைவுக்கு வரவில்லை. நம் வீட்டில் சளி பிடித்தால் ரசத்தில் மிளகைக் கூடப் போடுகிறோம். அதை யாராவது மருந்து சாப்பிட்டேன் என்று சொல்வோமா? பிள்ளை பெற்ற வீட்டில் லேகியம் சோறு மாதிரி. அக்கா கையால் கொடுத்தது எப்படி மருந்தாகும்?

அறைக்குத் திரும்பியபோது என்னோடு தங்கியிருந்த கோயம்புத்தூர்ப் பையன் கட்டிலில் படுத்திருந்தான். நாங்கள் இரட்டையர் ஆட்டம் சேர்ந்து ஆடுவோம்.

"அரையிறுதிக்காரரே, வாங்க வாங்க. மூத்திரம் குடுத்தாச்சா?"

"ஆச்சுடா."

அவன் கண் மேசை மேலிருந்த டப்பாவுக்குப் போனது. "ஆமா, தெனமும் காலையில கறுப்பா ஒண்ணு முழுங்குறீங்களே, அதச் சொன்னீங்களா?"

"அது பிரசவ லேகியம்டா."

அவன் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தான். "அண்ணே, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பளு தூக்குறவரு. முட்டிவலிக்கு ஏதோ நாட்டு மருந்துப் பொடி தின்னாரு. அதுல ஸ்டீராய்டு கலந்திருந்திருக்கு. அவருக்குத் தெரியாது. நாலு வருஷம் ஆடக் கூடாதுன்னுட்டாங்க. பேப்பர்லயெல்லாம் பேரு வந்துருச்சு. பாவம், இப்ப ஊர்லயே இல்ல."

நான் டப்பாவைப் பார்த்தேன். அக்கா மூடியில் துணி கட்டி அனுப்பியிருந்தாள். வலி எவ்வளவு சீக்கிரம் போனது! வருஷக்கணக்கான வலி. சுக்குக்கும் மிளகுக்கும் அப்படியா போகும்?

மறுநாள் அரையிறுதி. சர்வீஸுக்குப் பந்தை மேலே போடுவேன், பாட்டில் மூடி கடக் கடக் என்று காதில் கேட்கும். பந்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வேன். நேரம் கடத்துவதாக நடுவர் இரண்டு முறை எச்சரித்தார். சீக்கிரமே தோற்றேன். தோள் வலிக்கவே இல்லை. வலிக்கவில்லையே என்பதுதான் நடுக்கமாக இருந்தது.

ரயிலில் வரும்போது இன்னொரு பயம் வந்தது. அதை இப்போது எழுதும்போதுகூடக் கை நிற்கிறது. அந்த லேகியத்தை அம்மாவும் தின்கிறாள். அம்மாவின் பாலைப் பாப்பா குடிக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் கேட்டேன். "லேகியத்துல என்னென்னக்கா போட்ட?"

"வந்ததும் வராததுமா என்னடா கேள்வி? எப்பவும் போடுறதுதான்."

"வேற ஒண்ணும் போடலியே?"

"அவளுக்கு ஒண்ணும் போடல. உனக்குத்தான்." அக்கா பெருமையாகச் சொன்னாள். "உன் உருண்டையில மட்டும் அத்தானோட சூரணத்த ஒரு ஸ்பூன் கலந்து வச்சேன். வலி போச்சா இல்லியா?"

அத்தான் என்றால் அவள் வீட்டுக்காரர், உங்கள் மாமா. விசைப்படகில் போகிறவர். வலை இழுத்து இழுத்து முதுகு போய், திருநள்ளாற்றில் யாரோ விற்கிற சூரணத்தை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். படகில் பாதிப் பேர் அதைத்தான் தின்கிறார்கள் என்று அக்கா சொன்னாள்.

"அதத் தின்னுட்டுப் போனா வலை இழுக்கிறதே தெரியாதாம்டா. அவ்வளவு சக்தி."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என் பொண்டாட்டிக்குக் குடுக்கலியே? சத்தியமா?"

"பச்ச உடம்புக்காரிக்கு அதக் குடுப்பனா? எனக்கென்ன கூறு கெட்டுப்போச்சா? ஏன்டா மூஞ்சி இப்படி வெளுக்குது?"

பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்றதும் ஒரு பயம் இறங்கியது. இறங்கின இடத்தில் மற்றது நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. வலிக்கு மருந்து தின்றால் குற்றமா? புரிந்தபோது கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அதற்கு மேல் பேசவில்லை. அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சனிக்கிழமையே திருநள்ளாறு போனேன். சனிக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். எள் தீபப் புகை, பழைய துணி, லாட்ஜ் வாசலில் அறை வேணுமா என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள். எல்லாரும் பீடை விலக வந்திருந்தார்கள். நான் என் பீடை எந்தக் கடையில் விற்கிறது என்று தேடிக்கொண்டு போனேன். குளத்துக்குப் போகிற வழியில், அத்தான் சொன்ன அடையாளத்தில், ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே டப்பா டப்பாவாக அடுக்கி, ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. மூட்டா, முதுகா, நரம்பா?"

"தோளுங்க. இதுல என்னென்ன சேக்குறீங்கண்ணே?"

"மூலிகை."

"என்ன மூலிகை?"

"மலையிலேருந்து வருது."

"எந்த மலைங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி போலீஸா, டாக்டரா?"

"டென்னிஸ் ஆடுறேங்க."

"அட! அப்ப ரெண்டு டப்பாவா எடுத்துக்குங்க."

"இல்லண்ணே, ஏற்கெனவே சாப்பிட்டேன். இங்கிலீஷ் மருந்து ஏதாச்சும் கலந்திருக்கான்னு தெரிஞ்சாப் போதும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"வலி போச்சா?"

"போச்சு."

"பின்ன என்ன? வலி போனதுக்கு அழுவுற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன். பின்னாடி நிக்கிறவங்களுக்கு வழிய விடுங்க."

காரைக்கால் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அவர் கலந்தாரா இல்லையா? எனக்குத் தெரியவில்லை. அவருக்கேகூடத் தெரியாமல் இருக்கலாம். அவருக்கு யாரோ மூட்டையாகத் தருகிறார்கள், அவர் டப்பாவில் போடுகிறார். தெரிந்தது ஒன்றுதான். நான் லேகியத்தை நிறுத்தியதும் தோளில் மறுபடியும் முள் குத்த ஆரம்பித்தது. கை தூக்கும்போதெல்லாம் அது "கலந்திருந்தது, கலந்திருந்தது" என்று எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது.

கோயம்புத்தூர்ப் பையனுக்குப் போன் போட்டேன். "வாயத் தொறக்காதீங்கண்ணே. பாட்டில்ல ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். நீங்களா போய்ச் சொன்னா அவங்களே தேட ஆரம்பிச்சிருவாங்க" என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பாப்பா, அம்மா உன்னை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். "நீங்க தெரிஞ்சா தின்னீங்க?"

"இல்ல."

"அப்ப சொல்றதுக்கு என்ன? நாளைக்கு அவங்களாக் கண்டுபிடிச்சு, 'ஏன் சொல்லல'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அக்கா பேரு வரும்."

"அண்ணி என்ன விஷமா வச்சாங்க? தம்பிக்கு வலிக்குதேன்னு வச்சாங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க."

சோதனை முடிந்து கொடுத்த தாளில் ஒரு போன் நம்பர் இருந்தது. அதற்கு அடித்தேன். எனக்கு வருகிற ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"சார், ஐ ஈட் லேகியம்."

"வாட்?"

"லைக் ஜாம் சார். பிளாக் ஜாம். ஃபார் டெலிவரி லேடீஸ்."

"யூ ஆர் எ டெலிவரி லேடி?" என்று கேட்டார்.

"நோ சார். மை வைஃப்."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் கடைசியில் எல்லாவற்றையும் மெயிலில் எழுதி அனுப்பச் சொன்னார். அம்மாதான் என் போனில் எழுதினாள். லேகியம், சூரணம், தோள், பிரசவம், ஒன்றையும் விடவில்லை. "ரிசல்ட் எப்ப சார் வரும்?" என்று போனிலேயே கேட்டிருந்தேன். அவர் சொன்னது இதுதான்: தப்பு ஏதாவது இருந்தால் உங்களுக்குத் தகவல் வரும். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் வராது.

அந்த மாதிரி ஒரு ஏற்பாட்டை நம் ஊரில் யாராலும் தாங்க முடியாது. அக்காவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"தகவல் வரலன்னா நல்லதா? எந்த ஊரு நியாயம்டா இது?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஒரு தடவை அத்தானின் படகு காற்றில் மாட்டி, வர வேண்டிய நாளில் வரவில்லை. வயர்லெஸ்ஸில் சத்தம் இல்லை. அடுப்பு மூட்டாமல், தலை வாராமல், அக்கா கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கியிருக்காங்க" என்று ஒருவன் ஓடிவந்து சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தாள். நமக்குத் தகவல் என்றால் உயிர். தகவல் இல்லை என்றால் என்ன என்பதை வாயால்கூடச் சொல்ல மாட்டோம். அப்படிப்பட்டவளிடம் போய், தகவல் வராமல் இருக்க வேண்டிக்கொள் என்றால் எப்படி வேண்டுவாள்?

தினமும் அக்கா மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கி வைத்ததும் முதல் கேள்வி, "வந்திச்சா?"

"வரலக்கா."

அவள் முகம் இருண்டுவிடும். நான், "வராததுதான் நல்லது" என்பேன். தலையை ஆட்டுவாள். நம்பமாட்டாள். உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். கொரியர்க்காரர் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் நிறுத்தினால்கூடக் கதவைச் சாத்திக்கொள்வேன். காசில்லாமல் போவது எனக்குப் பழக்கம், தோற்பதும் பழக்கம். ஆனால் பேப்பரில் பேர் வந்து, விடுதியில் எனக்கு மட்டையைக் கொடுத்து ஆட வைத்தவர்கள் அதைப் படித்து, "திருடி ஜெயித்தானா?" என்று நினைப்பார்களே, அதை நினைத்தால்தான் சோறு இறங்காது.

அதைவிடப் பெரிய கஷ்டம், அக்கா எனக்குக் கையால் எதையும் தருவதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் குழம்பு கொதிக்கும்போதே மீன் துண்டை எடுத்து ஊதி என் வாயில் வைப்பாள். இப்போது தட்டைத் தள்ளிவிட்டு, "நீயே எடுத்துப் போட்டுக்க" என்பாள். நான் சாப்பிடுகிறவரை அடுப்படிப் பக்கம் வரமாட்டாள். ஒரு நாள் தண்ணீர் கேட்டேன். செம்பை எடுத்தவள், அப்படியே வைத்துவிட்டு, "குடத்துல இருக்கு, மொண்டு குடி" என்றாள். நானும் எழுந்து மொண்டு குடித்தேன். ஏன்க்கா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மாதங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. போட்டிகளுக்குப் பேர் கொடுத்தேன், பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஆட்டப் பட்டியலில் என் பேரை அடித்துவிட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பையை இறக்குவேன். கோயம்புத்தூர்ப் பையன், "இவ்வளவு நாள் ஆச்சுல்ல, முடிஞ்சு போச்சுண்ணே. விடுங்க" என்றான். எந்த நாளில் அது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முடிந்தது என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த நாளோடு பயமும் போயிருக்கும்.

அதற்கப்புறம் நான் ஆடிய வருஷங்களில் தோலோ ஓடோ உள்ளதை மட்டும்தான் நிம்மதியாகத் தின்றேன். வாழைப்பழம், அவித்த முட்டை, கமலா ஆரஞ்சு. யாரும் உள்ளே எதையும் கலந்திருக்க முடியாதது. கோயில் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் போடுவேன். வேளாங்கண்ணிக்குப் போய்வந்த நண்பர் வீட்டில் கேக் கொடுத்தால் பிள்ளைக்கு என்று மடித்துக்கொள்வேன். நாலு பேர் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். தோளோ மோசமாகிக்கொண்டே வந்தது. இரண்டாவது சுற்றைத் தாண்டவே இல்லை. கடைசியில் ஒரு நாள் பந்தை மேலே போட்டுவிட்டுக் கையைத் தூக்க முடியாமல், அது என் காலடியில் விழுந்து உருள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிராளி வலைக்கு வந்து தோளில் தட்டினான். அதோடு என் தொழில் முடிந்தது. ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குப் பந்து அடிக்கச் சொல்லிக் கொடுக்கிறதும், மட்டைக்கு நரம்பு போட்டுக் கொடுக்கிறதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தம்பி பிறந்தபோது அக்கா மறுபடியும் லேகியம் கிளறினாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் சட்டியை முந்தானையால் மறைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

"உனக்கு இல்லடா. போ."

"இனிமே என்னை யாருக்கா சோதிக்கப் போறா? குடு."

"வேணாம். எனக்குப் பயமா இருக்கு."

நான் போகவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு சட்டியிலிருந்து கிள்ளி முதலில் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நான் பார்க்க மென்று விழுங்கினாள். அப்புறம் நெல்லிக்காய் அளவு உருட்டினாள்.

"அதுதான், வெறும் செலவு. வேற ஒரு தூசி இல்ல" என்று சொல்லிக்கொண்டே என் உள்ளங்கையில் வைத்தாள்.

தின்றேன். தினமும் ஒன்று வாங்கித் தின்றேன். வாரம் போனது. பத்தியம் முடிந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெறும் செலவுக்கே வலி போனால், அன்றைக்குப் போனதும் அதனால்தான் என்று ஆகுமே. முள் அங்கேயேதான் இருந்தது. கொஞ்சம்கூடக் குறையவில்லை.

தோள் இப்போது முன்னைவிடக் கெட்டுப்போயிருக்கிறது, லேகியம் எப்படிக் கேட்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாப்பா, நீ பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா செமிஃபைனல் வரைக்கும் போனவரு" என்று சொல்கிறாய் அல்லவா? அதைக் கேட்கும்போதெல்லாம் நான் ஏன் எழுந்து வாசலுக்குப் போகிறேன் என்று கேட்டாயே, இதுதான். அந்த ஒரு வாரம் ஆடியது என் கையா, அந்த டப்பாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லக்கூடியவர்கள் ஒன்றும் சொல்லாமலேயே விட்டுவிட்டார்கள். நீ சொல்வதானால் சொல், தடுக்கவில்லை. தெரிந்துகொண்டு சொல்.

லேகியச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த அன்றைக்கு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"வலி கொறஞ்சிச்சாடா?"

"கொறஞ்சிடுச்சுக்கா. கேட்டுது."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், அடுப்பிலிருந்த குழம்பில் ஒரு மீன் துண்டை எடுத்து, ஊதிக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறந்தேன்.